ரத்தத்தில் இல்லை என்றால் வைரஸ் எங்கே இருக்கிறது?

வந்த கடிதத்தின் சுருக்கம்: "எனக்கு 33 வயது. ஆறு வருடமாக, எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன், தினமும் இரவு ஒன்று. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் நாலு வருடமாக 'வைரஸ் தென்படவில்லை' என்றுதான் வருகிறது. மனைவிக்குத் தொற்று இல்லை, அவளுக்கு எல்லாம் தெரியும். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த நேரத்தில், பிளஸ் டூ படிக்கும் அக்கா மகன், என் விஷயம் தெரியாமல், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாடத்தில் படித்ததைச் சொன்னான். எச்.ஐ.வி. மனிதனுடைய டி.என்.ஏ.வுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துகொள்ளுமாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் ஜீனிலேயே இருக்கிறது என்றால் குழந்தைக்கும் பரம்பரையாகப் போகுமா? ரத்தத்தில் இல்லை என்கிறார்களே, அப்படியானால் அது எங்கே இருக்கிறது? ஒரு மண்டலம் மருந்து சாப்பிட்டால் ரத்தம் சுத்தமாகிவிடும், அப்புறம் மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். நிறுத்திப் பார்க்கலாமா?"

தம்பி, தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குப் பரம்பரையாகப் போகாது. மாத்திரையை நிறுத்தவும் கூடாது. இந்த இரண்டு பதில்களுக்கும் காரணம் ஒன்றேதான், அதுவும் உங்கள் அக்கா மகன் சொன்ன அதே விஷயம்தான். பையன் சரியாகத்தான் படித்திருக்கிறான். ஆனால் வைரஸ் டி.என்.ஏ.வுக்குள் போகிறது என்றால், உடம்பில் உள்ள எந்த செல்லின் டி.என்.ஏ.வுக்குள் போகிறது என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விதான் உங்களுக்குத் தேவை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், முழுசாகச் சொல்கிறேன்.

எச்.ஐ.வி. மிகச் சின்னது. அதற்குள் இருப்பது டி.என்.ஏ. கூட இல்லை, ஆர்.என்.ஏ.தான், இரண்டு பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 9,700 எழுத்துகள். மனிதனுக்கு 20,000 ஜீன்கள் வரை இருக்கின்றன, இதற்கு ஒன்பதே ஒன்பது. இவ்வளவு சின்னதாக இருப்பதால் தானாக எதையும் செய்துகொள்ள முடியாது, ஏதாவது ஒரு செல்லுக்குள் புகுந்து அதன் இயந்திரங்களை எடுத்துப் பயன்படுத்தினால்தான் பெருகும். எல்லா செல்லுக்குள்ளும் அதனால் புக முடியாது. செல்லின் வெளிப்புறத்தில் சிடி4 என்ற புரதம் இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு புரதமும் இருக்க வேண்டும். வைரஸின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் புரதம் முதலில் சிடி4-ஐப் பிடிக்கும், அப்புறம் இரண்டாவதைப் பிடிக்கும், பிறகுதான் வைரஸின் உறையும் செல்லின் சவ்வும் ஒன்றாகக் கலந்து உள்ளே வழி திறக்கும். இந்த இரண்டும் சேர்ந்து இருப்பது முக்கியமாக நோய் எதிர்ப்பு செல்களில்தான், அதிலும் உதவி டி செல்கள் என்று சொல்கிற, மற்ற எதிர்ப்பு செல்களுக்கெல்லாம் உத்தரவு கொடுக்கிற செல்களில். நீங்கள் மையத்தில் "சிடி4 எவ்வளவு" என்று கேட்பீர்களே, அது இந்த செல்களின் கணக்குதான்.

உள்ளே வந்ததும் ஆர்.என்.ஏ. வெறுமனே கிடப்பதில்லை. அதைச் சுற்றிக் கூம்பு வடிவத்தில் ஒரு கூடு இருக்கிறது, கேப்சிட் என்போம், ஒரே வகைப் புரதம் 1,500 பிரதிகள் வரை சேர்ந்து கட்டிய கூடு. செல்லுக்குள் வந்த உடனே இது உடைந்துவிடும் என்றுதான் எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள், பாடப்புத்தகப் படங்களிலும் அப்படித்தான் இருக்கும். இப்போது கதை மாறிவிட்டது. 2021-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில், உடையாத கூம்பு முழுசாக செல்லின் கருவுக்குள், அதாவது டி.என்.ஏ. இருக்கும் உள்ளறைக்குள், போகும் துளையில் நுழைந்துகொண்டிருப்பது தெரிந்தது. இந்தக் கூட்டுக்குள் பத்திரமாக இருந்துகொண்டேதான் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றத் தொடங்குகிறது, செல்லின் காவல் புரதங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் என்சைமுக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். 1970 வரை, டி.என்.ஏ.விலிருந்துதான் ஆர்.என்.ஏ. வரும், திரும்பி வராது என்பதே பொதுவான நம்பிக்கை. அந்த வருடம் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாக இந்த என்சைமைக் கண்டுபிடித்தார்கள், 1975-ல் நோபல் பரிசும் கிடைத்தது. எச்.ஐ.வி.யே கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதிமூன்று வருடம் முந்தைய வேலை அது, அது இல்லாமல் இருந்திருந்தால் எச்.ஐ.வி. வந்தபோது நாம் இன்னும் எவ்வளவோ நாள் இருட்டில் தடவியிருப்போம் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இந்த என்சைமுக்கு ஒரு குணம் உண்டு: எழுதும்போது வருகிற பிழையைத் திருத்தும் வசதி அதனிடம் இல்லை. அதனால் பிரதிக்குப் பிரதி எழுத்துகள் மாறும். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகிவிடும் என்று ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மருந்து ரத்தத்தில் பாதி அளவில் இருக்கும்போதும் வைரஸ் எழுதிக்கொண்டே இருக்கும், எழுதும்போது பிழை விடும், அந்தப் பிழைகளில் ஒன்று அதற்கே சாதகமாக அமைந்துவிடும்.

இனி உங்கள் அக்கா மகன் சொன்ன இடம். கருவுக்குள் இப்போது வைரஸின் டி.என்.ஏ. தயாராக இருக்கிறது. இதை மனித டி.என்.ஏ.வுக்குள் சேர்ப்பது இன்டெக்ரேஸ் என்ற என்சைம், 288 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், நாலு நாலாகச் சேர்ந்து வேலை செய்யும். வைரஸ் டி.என்.ஏ.வின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முனையிலும் ஓர் இழையிலிருந்து இரண்டே இரண்டு எழுத்துகளை அது வெட்டி எடுக்கும். அப்படி வெட்டும்போது முனை வேதியியல் ரீதியாகச் சுறுசுறுப்பாகிறது. அடுத்து அந்த முனைகள் நம் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் தாக்கும், ஆனால் நேருக்கு நேர் இல்லாமல் ஐந்து எழுத்து தள்ளித் தள்ளி. அந்த இடத்தில் நம் இழை வெட்டுப்பட, வைரஸின் இழை அதே நொடியில் அங்கே இணைந்துவிடும், வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரே வினையில் நடந்துவிடுகிறது. இப்போது இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இடைவெளி மிச்சம் இருக்கும். அதை அடைப்பது வைரஸ் இல்லை, நம் செல்லின் சொந்த பழுதுபார்க்கும் என்சைம்கள். எங்கோ டி.என்.ஏ. சேதமாகிவிட்டது என்று நினைத்து அவை ஓடிவந்து, எழுத்துகளை நிரப்பி, தையலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். வைரஸ் நுழைந்த ஒவ்வொரு இடத்திலும் இரு பக்கமும் அதே ஐந்து எழுத்துகள் இரண்டு முறை வரும், அது மட்டும்தான் அடையாளம்.

எங்கே நுழைவது என்பதிலும் கண்ணை மூடிக்கொண்டு விழுவதில்லை. செல் அதிகமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஜீன்களின் நடுவில்தான் எச்.ஐ.வி. விரும்பிப் போய் உட்கார்கிறது என்று 2002-ல் வந்த ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட ஜீன்களோடு ஒட்டியிருக்கும் நம் சொந்தப் புரதம் ஒன்றை இன்டெக்ரேஸ் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேருகிறது. பரபரப்பான ஜீனுக்குள் உட்கார்ந்தால் நகல் எடுப்பது சுலபம்.

பத்திரப் பதிவு அலுவலகத்துப் பழைய பதிவேட்டில் யாரோ ஒரு பக்கத்தைத் தைத்துச் சேர்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். தையலும் அலுவலக நூலால்தான், அலுவலக ஆளே தைத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் யார் வந்து நகல் கேட்டாலும் அந்தப் பக்கத்துக்கும் முத்திரை குத்தித்தான் கொடுப்பார்கள். செல்லின் நிலைமை அதுதான். உள்ளே சேர்ந்துவிட்ட வைரஸ் டி.என்.ஏ.வை, புரோவைரஸ் என்போம், செல்லால் வேறு ஆள் என்று கண்டுபிடிக்க முடியாது. வேலை செய்யத் தூண்டப்பட்டால் அந்த செல் தன் ஜீன்களைப் படிக்கும்போது இதையும் படிக்கும், புது வைரஸ்கள் வெளியே வரும். பெரும்பாலும் அந்த செல் ஓரிரு நாளில் செத்துப்போகும்.

இங்கேதான் மாத்திரை வேலை செய்கிறது. நீங்கள் இரவில் போடும் ஒரே மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கும், மையங்களில் இப்போது பரவலாகக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறும் இடத்தில் போய்த் தடுக்கின்றன. மூன்றாவது, டோலுடெக்ராவிர், நான் மேலே சொன்ன வெட்டி ஒட்டும் வேலையையே நிறுத்துகிறது. இன்டெக்ரேஸின் வேலை செய்யும் பகுதியில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன, அவை இல்லாமல் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது, டோலுடெக்ராவிர் போய் அந்த இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. ஆக, புதிதாக எந்த செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளும் வைரஸ் நுழைய முடியாது. ஏற்கனவே வைரஸை உற்பத்தி செய்துகொண்டிருந்த செல்கள் சீக்கிரமே செத்து ஒழிகின்றன. ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை சில வாரங்களில் சரசரவென்று இறங்குவதற்கு இதுதான் காரணம்.

சரி, அப்படியானால் மீதம் எங்கே? உதவி டி செல்களில் சில, வைரஸ் உள்ளே சேர்ந்த பிறகு வேலையை முடித்துக்கொண்டு ஓய்வுக்குப் போய்விடும். உடம்பு பழைய கிருமிகளை நினைவில் வைத்திருப்பதற்காக வருடக்கணக்கில் காப்பாற்றி வைக்கும் நினைவு செல்கள் இவை. ஓய்வில் இருக்கும் செல் ஜீன்களை அதிகம் படிக்காது, அதனால் வைரஸும் உற்பத்தியாகாது. உற்பத்தியே இல்லாதபோது மாத்திரைக்கு அங்கே தடுப்பதற்கு எதுவும் இல்லை, எதிர்ப்பு சக்திக்கும் அந்த செல்லில் வித்தியாசமாக எதுவும் தெரியாது. உங்கள் வைரல் லோடு பரிசோதனை ரத்த நீரில் மிதக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ.வை மட்டும்தான் எண்ணுகிறது. செல்லுக்குள், கருவுக்குள், டி.என்.ஏ.வோடு தைக்கப்பட்டுத் தூங்கிக்கொண்டிருப்பதை அந்தப் பரிசோதனை தேடுவதே இல்லை. உங்கள் ரிசல்ட் உண்மை, நல்ல செய்தி, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அது இந்தப் பகுதியைப் பற்றிப் பேசவில்லை.

மாத்திரையை ஒருநாள் நிறுத்திவிடலாம் என்று நீங்கள் நினைப்பது தப்பான ஆசை இல்லை. 1997 வாக்கில் கூட்டு மருந்து வந்த புதிதில், இரண்டு மூன்று வருடம் விடாமல் சாப்பிட்டால் வைரஸ் முழுசாக ஒழிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள். அதே வருடத்தில்தான் மூன்று ஆய்வுக் குழுக்கள், நன்றாக மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் இல்லாதவர்களின் ஓய்வு செல்களை எடுத்து ஆய்வகத்தில் தூண்டிவிட்டுப் பார்த்தார்கள். வைரஸ் எழுந்து வந்தது. ஓய்வு செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இப்படி எழக்கூடியவை இருந்தன, ஆனால் அந்த ஒன்று போதும். இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே 44 மாதம் ஆகிறது, மாத்திரையால் மட்டும் முழுசாகக் கரைய 73 வருடம் ஆகும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ராபர்ட் சிலிசியானோ குழு 2003-ல் கணக்கிட்டது. அந்த செல்கள் தாமாகப் பிரிந்து பெருகவும் செய்கின்றன, பிரியும்போது உள்ளே இருக்கும் வைரஸ் பக்கமும் சேர்ந்தே நகலாகிறது என்று பிறகு தெரிய வந்தது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே வைரஸ் ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

நிறுத்திப் பார்ப்பதையே முறையாகச் சோதித்தார்கள். ஸ்மார்ட் என்ற பெரிய ஆய்வு, 5,472 பேர். சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் மறுபடி தொடங்கலாம் என்று பாதிப்பேருக்குச் சொன்னார்கள். நிறுத்தியவர்களிடம் நோயும் மரணமும் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததால், 2006 ஜனவரியில் அந்த ஏற்பாட்டையே பாதியில் கைவிட்டார்கள். மருத்துவர்கள் கண்காணிப்பில், அடிக்கடி ரத்தம் பார்த்து நிறுத்தியவர்களுக்கே இந்தக் கதி.

இனி அந்த மண்டல மருந்து. உங்கள் ரத்தத்தில் வைரஸ் ஏற்கனவே தென்படவில்லை, சுத்தம் செய்ய அங்கே என்ன இருக்கிறது? மிச்சம் இருப்பது செல்லின் கருவுக்குள் தைக்கப்பட்ட எழுத்துகள். அதைத் தேடி வெட்டி எடுக்கும் மருந்து உலகத்தில் எந்தக் கடையிலும் இன்று இல்லை. முழுசாகக் குணமானவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். முதல் ஆள் டிமோதி ரே பிரவுன், பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றப்பட்டவர். மஜ்ஜை கொடுத்தவரின் செல்களில் பிறவியிலேயே சிசிஆர்5 இல்லை, வைரஸுக்கு நுழைய வாசலே இல்லாத செல்கள். உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது, புற்றுநோய் இல்லாதவருக்கு எந்த மருத்துவரும் செய்ய மாட்டார். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று சொல்லி எந்த மருந்தையும் விற்கக் கூடாது என்று நம் நாட்டு மருந்து விதிகளிலேயே இருக்கிறது, அப்படிக் குணமாக்குவதாகச் சொல்லக் கூடாத நோய்களின் பட்டியலான ஜே அட்டவணையில் முதல் பெயரே எய்ட்ஸ்தான். 2004 ஏப்ரலில் தாம்பரம் போன்ற இடங்களில் அரசு இலவச மருந்து தொடங்கும் வரை, வேறு வழியில்லாமல் இப்படிப்பட்டவர்களிடம் நகையையும் நிலத்தையும் இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. உங்களுக்கு வழி இருக்கிறது, கையிலேயே இருக்கிறது. அந்த ஆள் இன்னொரு முறை வந்தால் உள்ளே விடாதீர்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதிகம் பேர் சொல்வதில்லை. டோலுடெக்ராவிர் மெக்னீசியத்தைப் பிடித்துத்தான் வேலை செய்கிறது என்றேன் இல்லையா, அதே குணத்தால் வயிற்றில் இருக்கும் மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, சுண்ணாம்புச் சத்து எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட மருந்து ரத்தத்தில் ஏறாது. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி குடிப்பவர்கள் அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ தான் இந்த மாத்திரையைப் போட வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கும் அதே கணக்கு, ஆனால் அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் போட்டால் பரவாயில்லை. பற்பம், செந்தூரம் வகைகளில் இரும்பும் சுண்ணாம்பும் இருக்கும். வேறு எதற்காகச் சாப்பிடுவதாக இருந்தாலும் மையத்து மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இப்போது குழந்தை. வைரஸ் தன்னைச் சேர்த்துக்கொள்வது சிடி4 இருக்கும் எதிர்ப்பு செல்களின் டி.என்.ஏ.வில், அதிலும் மிகச் சிறிய பகுதியில். உங்கள் டி செல் எதுவும் குழந்தையாகப் போவதில்லை. குழந்தைக்குப் போவது விந்தணுவில் இருக்கும் டி.என்.ஏ., அது உருவாவது விதைப்பையில் இருக்கும் வேறு பரம்பரை செல்களிலிருந்து. உங்கள் கண் நிறமும் மூக்கும் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பிரதியை வைரஸ் தொடவில்லை. எச்.ஐ.வி. அப்படி ஒரு மனிதப் பரம்பரைக்குள் நுழைந்ததாக இதுவரை ஒரு பதிவும் இல்லை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால், எச்.ஐ.வி. மாதிரியே ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வேறு ரெட்ரோவைரஸ்கள் நம் முன்னோர்களின் கருமுட்டை, விந்தணு வழியில் நுழைந்ததுண்டு, மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் அவற்றின் மிச்சம்தான், உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும். அதில் ஒரு ஜீன் இல்லாமல் தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடியே சரியாக உருவாகாது. ஆகவே "என் ஜீனே கெட்டுப்போய்விட்டது" என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கெடவில்லை.

குழந்தைக்கு எச்.ஐ.வி. வருகிறது என்றால் அது தொற்று உள்ள தாயிடமிருந்து, கர்ப்பத்தில், பிரசவத்தில், அல்லது தாய்ப்பாலில். உங்கள் மனைவிக்குத் தொற்று இல்லை. உங்கள் வைரஸ் தென்படாத அளவில் இருக்கும்வரை உறவின் வழியாக அவருக்கும் போகாது. பார்ட்னர் என்ற ஆய்வின் இரண்டு கட்டங்களிலும், மாத்திரையால் வைரஸை அடக்கி வைத்திருந்தவரிடமிருந்து ஆணுறை இல்லாத உறவில் துணைக்குத் தொற்றிய நிகழ்வு ஒன்றுகூட இல்லை. விந்தணுவைக் கழுவிப் பிரித்தெடுப்பது, செலவு பிடித்த கருத்தரிப்பு மையம் இதெல்லாம் இதற்காக உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தைக்கு முயற்சி செய்யப்போகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள், மருத்துவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். கடைசி வைரல் லோடு எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மனைவிக்கும் ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை, கர்ப்பம் உறுதியானதும் இன்னொரு முறை. அவர் இப்போதே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்கலாம். உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள், இருந்தால் டெனோஃபோவிரைத் திடீரென்று நிறுத்துவது ஈரலையும் தாக்கும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எப்போதாவது டிபி வந்து மருந்து ஆரம்பித்தால், டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளையாக மாற்ற வேண்டியிருக்கும், அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். இரவு மாத்திரை மறந்துபோனால் ஞாபகம் வந்தவுடன் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மட்டும் விட்டுவிட்டு அடுத்ததைப் போடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். இரவில் தூக்கம் வராதது தொடர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், கவலையால் மட்டுமின்றி டோலுடெக்ராவிராலும் சிலருக்குத் தூக்கம் கெடும், காலையில் போடும்படி நேரத்தை மாற்றிக் கொடுப்பார்கள்.